மிஸ்ஸி அம்மா டாக்டர் ஆகலாமா? முதலில் கணக்குப் போடுங்கள்

தாதியாக வேலை பார்க்கும் ஒரு தாய், முப்பது வயதைத் தாண்டிய பிறகு மருத்துவம் படிக்கப் போகலாமா? ஆகாது என்று அடித்துச் சொல்பவர்களும் தவறு செய்கிறார்கள். மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்று தட்டிக்கொடுத்து அனுப்புபவர்களும் தவறு செய்கிறார்கள். போகலாமா, கூடாதா என்பதை முடிவு செய்ய வேண்டியவை நான்கு விஷயங்கள்: எஸ்பிஎம் சான்றிதழில் உள்ள பாடங்கள், குடும்பத்தின் வருமானம், பிள்ளைகளின் வயது, போக விரும்புவதற்கான உண்மையான காரணம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்காமல் எடுக்கும் முடிவு, எந்தப் பக்கம் எடுத்தாலும், பின்னால் வருத்தத்தைத் தரும் என்பது என் கருத்து.

கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தில் 'டிரெஸ்ஸர்' ஒருவரே வைத்தியர், மருந்தாளர், கட்டுப் போடுபவர் எல்லாமாக இருந்த காலத்தை நம் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். பால்வெட்டிய குடும்பத்துப் பெண்கள் படித்து, வெள்ளைச் சீருடை அணிந்து 'மிஸ்ஸி' ஆனது அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய ஏற்றம். அந்த மிஸ்ஸி இன்று தாயாகிவிட்டார். அலோர் காஜா மருத்துவமனையிலோ மலாக்கா பொது மருத்துவமனையிலோ வார்டில் நிற்கும்போது, தன்னைவிட வயதில் இளைய மருத்துவர் உத்தரவு எழுதுவதைப் பார்க்கிறார். நாமும் படித்திருக்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த எண்ணத்தை யாரும் கேலி செய்ய வேண்டாம். அதைச் சரியாக எடைபோட உதவுவதே நம் வேலை.

ஒரு தாய் படித்த கதை

இதற்குச் சென்னையிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி, வழக்கறிஞரான கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தார். ஆண் மருத்துவர்களிடம் உடம்பைக் காட்ட முடியாத காரணத்தால் பிரசவத்தில் துன்பப்பட்ட பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டார். முதலில் சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் பயிற்சி பெற்றார். அது போதாது என்று உணர்ந்து, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். அப்போது அவர் மூன்று பிள்ளைகளுக்குத் தாய். 1878இல் படிப்பை முடித்து, லண்டன் சென்று 1882இல் பட்டமும் பெற்று, மறு ஆண்டு சென்னைக்குத் திரும்பினார். 1885இல் பெண்களுக்கென்று அவர் முனைந்து தொடங்கிய மருத்துவமனைதான் திருவல்லிக்கேணியில் 'கோஷா ஆஸ்பத்திரி' என்று மக்கள் சொல்லும் இன்றைய கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

இந்தக் கதையை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். அவர் படித்தபோது வீட்டில் ஒரு வழக்கறிஞரின் வருமானம் இருந்தது. அவருடைய சம்பளத்தை நம்பி அடுப்பு எரியவில்லை. நம் மிஸ்ஸிகளில் பெரும்பாலோருக்கு நிலைமை அப்படி இல்லை. மன உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பண விவரத்தை விட்டுவிட்டால், முன்னுதாரணமே நம்மைத் தவறாக வழிநடத்திவிடும்.

இன்னொருவர், இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தாதியாகப் பயிற்சி பெற்றவர். முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆனார். மரணத் தறுவாயில் உள்ள புற்றுநோயாளிகளின் வலியைத் தணிக்க யாரும் ஒழுங்காக முயலவில்லை என்று கண்டு, முப்பது வயதைக் கடந்த பிறகு மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1957இல் மருத்துவரானார். 1967இல் லண்டனில் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம், உலகெங்கும் இன்றுள்ள அந்திமக்கால நோய்த்தணிப்புச் சேவைக்கு வித்திட்டது. அவருக்கு 'டாக்டர்' என்ற பெயர் தேவைப்படவில்லை. மருந்தின் அளவை நிர்ணயிக்கும் அதிகாரமும், வலியை ஆராயும் அறிவும் தேவைப்பட்டன. காரணம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அத்தனை ஆண்டுகளைச் செலவிட்டார்.

இரண்டும் வேறு வேறு வேலை

மருத்துவம் என்பது தாதிமையின் அடுத்த படி என்று நம் சமூகத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியல்ல. நமக்கெல்லாம் பழக்கமான டெங்கிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடைவார்கள். ஆனால் டெங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. இரத்த நுண்குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிகிறது. தட்டணுக்கள் குறைகின்றன. நீர் வெளியேறுவதால் இரத்தம் கெட்டியாகிச் சிவப்பணுக்களின் விகிதம் ஏறுகிறது. இந்தக் கட்டம் ஒன்றிரண்டு நாள்கள் நீடிக்கும்.

அந்த நேரத்தில் கை கால் சில்லிட்டிருக்கிறது, நாடி மெலிந்து வேகமாக ஓடுகிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, பிள்ளை நிலைகொள்ளாமல் புரள்கிறது என்று முதலில் கவனிப்பவர் தாதி. மணிக்கு மணி பக்கத்தில் நிற்பவரால்தான் அந்த மாற்றத்தைப் பிடிக்க முடியும். எவ்வளவு திரவம், எந்த வேகத்தில் ஏற்றுவது என்று முடிவு செய்பவர் மருத்துவர். குறைவாக ஏற்றினால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போவார். அதிகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஒருவர் செய்வது இடைவிடாத கவனிப்பு. மற்றவர் செய்வது காரணத்தைப் பிரித்தறிந்து எடுக்கும் முடிவு. இரண்டில் எது இல்லாவிட்டாலும் பிள்ளை பிழைக்காது.

உங்களை ஈர்ப்பது இதில் எது? ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்வி வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் உங்களை விடாமல் துரத்துகிறதா? அப்படியானால் உங்கள் ஆசைக்கு அடிப்படை இருக்கிறது. சம்பளம் உயர வேண்டும், உறவினர் மத்தியில் மதிப்பு வேண்டும் என்பதுதான் காரணமா? அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு மருத்துவக் கல்லூரியைவிடக் குறுகிய வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

எஸ்பிஎம் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்

பலர் இடறி விழும் இடம் இதுதான். நம் நாட்டில் மருத்துவப் படிப்புக்கான குறைந்தபட்சத் தகுதியை மலேசிய மருத்துவ மன்றம் நிர்ணயிக்கிறது. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன், ஏ-லெவல், பவுண்டேஷன் ஆகியவை வழக்கமான வாசல்கள். உயர்ந்த சராசரிப் புள்ளி பெற்ற சுகாதாரத் துறை டிப்ளோமாவையும் பட்டத்தையும் கருத்தில் கொள்ளும் வழியும் இருக்கிறது. அதனால் தாதிமை டிப்ளோமா வீண் அல்ல. ஆனால் டிப்ளோமாவோடு வருபவரிடமும் எஸ்பிஎம்மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத் தேர்ச்சியைக் கேட்பார்கள்.

தாதிமை டிப்ளோமாவில் சேரவோ பொது அறிவியல் போதும். கலைப் பிரிவில் படித்து, மலாய், கணிதம், அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றுத் தாதியானவர்கள் ஏராளம். இவர்கள் மருத்துவத்துக்குப் போக வேண்டுமென்றால், மூன்று அறிவியல் பாடங்களை அடியிலிருந்து படித்துத் தேர்வு எழுத வேண்டும். தனியார் தேர்வராக எழுதலாம். அறிவியல் பாடங்களில் செய்முறைப் பகுதியும் இருப்பதால், அதை எங்கே செய்வது என்று முன்கூட்டியே விசாரித்து வைக்க வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் மருத்துவ மன்றத்தின் தற்போதைய விதிகளையும், நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் விதிகளையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள். கல்வி முகவரின் வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டுக் கல்லூரி என்றால், அந்தப் பட்டத்தை நம் மருத்துவ மன்றம் அங்கீகரிக்கிறதா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படிவத்தில் மகள் இருக்கும் பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 'முதலில் நர்சிங் படிக்கட்டும், பிறகு டாக்டர் ஆகிக்கொள்ளலாம்' என்று சொல்லி அனுப்பாதீர்கள். மருத்துவம்தான் இலக்கு என்றால் ஆறாம் படிவம் நேர்வழி. அரசுப் பள்ளியில் மூன்று தவணைகளில் முடியும். செலவும் மிகக் குறைவு. தாதிமையை விரும்பிச் சேர்பவரே நல்ல தாதியாவார். வேறொன்றுக்குக் காத்திருக்கும் திண்ணையாக அதை நினைத்துச் சேர்பவர் இரண்டிலும் சோர்ந்துபோவார்.

பணக் கணக்கும் வயதுக் கணக்கும்

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தாய்க்கு வயது 30. பிள்ளைக்கு 4. கையில் வரும் சம்பளம் மாதம் 3,500 ரிங்கிட். அடிப்படைப் பாடங்களுக்கு 2 ஆண்டு, மருத்துவத்துக்கு 5 ஆண்டு, ஆக 7 ஆண்டுகள் சம்பளம் இல்லை. 84 மாதங்களை 3,500ஆல் பெருக்கினால் 294,000 ரிங்கிட். கல்லூரிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன்பே குடும்பம் இழக்கும் தொகை இது. சேமநிதிச் சந்தா நின்றுபோவதும், அரசுப் பணியில் இருந்தால் சேவை ஆண்டுகள் போவதும் இதில் சேரவில்லை. தனியார் கல்லூரி என்றால் கட்டணமே சில லட்சம் ரிங்கிட். சேமநிதியிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம்; பிடிபிடிஎன் கடனும் இருக்கிறது. ஆனால் கடனை அடைக்கும் ஆண்டுகளும் பிள்ளை உயர்கல்விக்குப் போகும் ஆண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும் என்பதை மறக்கக் கூடாது. அரசுச் செலவில் தாதிமை படித்தவர்கள், ஒப்பந்தச் சேவைக் காலம் முடிந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

அடுத்தது வயதுக் கணக்கு. எல்லோரும் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். ஹவுஸ்மேன் காலத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்கிறேன். மருத்துவப் படிப்பின் தொடக்க ஆண்டுகள் பெரும்பாலும் விரிவுரை, ஆய்வுக்கூடம், புத்தகம். கஷ்டம்தான், ஆனால் இரவில் வீட்டில் இருக்க முடியும். பட்டம் பெற்ற பின் வரும் பயிற்சி மருத்துவர் காலம் குறைந்தது 2 ஆண்டு. எந்த மருத்துவமனையில் இடம் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. கோலா சுங்கை பாருவில் வீடு இருக்க, சபாவிலோ கிளந்தானிலோ பணி கிடைக்கலாம். நாம் எடுத்த கணக்கில் அப்போது தாய்க்கு வயது 37, பிள்ளைக்கு 11. பயிற்சி முடியும்போது பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்திருக்கும். அந்த இரண்டு ஆண்டுகள் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? பாட்டியா, கணவரா, அண்ணியா? பெயரைத் தாளில் எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் திட்டம் இன்னும் முழுமையாகவில்லை. இந்தக் கேள்விக்குக் கணவரும் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்பது பதில் ஆகாது.

பயிற்சி முடிந்தால் நிரந்தர வேலை என்பதும் பழைய கதை. 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26ஆம் தேதி ஒப்பந்த மருத்துவர்கள் நாடு தழுவிய அளவில் வேலையை விட்டு வெளியே வந்து எதிர்ப்புத் தெரிவித்ததற்கு அதுவே காரணம். நிரந்தரப் பணியில் உள்ள ஒரு தாதி அதை விட்டுவிட்டுப் போகும்போது, எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

முப்பத்தைந்தில் மூளை ஏற்றுக்கொள்ளுமா?

வயதானால் மண்டையில் ஏறாது என்ற பயத்துக்கு அறிவியல் ஆதாரம் குறைவு. லண்டன் வாடகைக்கார் ஓட்டுநர்கள் அந்நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறார்கள். அவர்களின் மூளையை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இடநினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்ததைக் காட்டியது. வளர்ந்தவர்களின் மூளையும் உழைப்புக்கு ஏற்ப மாறுகிறது என்பதற்கு அது பேர்பெற்ற சான்று.

நேரம் குறைவாக உள்ள தாய்க்கு இன்னொரு ஆய்வு உதவும். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்டது அது. பாடத்தை மீண்டும் மீண்டும் வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். வாசிப்பு நேரத்தைக் குறைத்து, தன்னைத் தானே கேள்வி கேட்கும் நேரத்தைக் கூட்டினால் கிடைக்கும் ஒரு மணி நேரமும் பலன் தரும்.

ஆனால் ஒன்றை மூளை மன்னிக்காது. அது தூக்கக் குறைவு. படித்தவை நினைவில் உறைவதற்குத் தூக்கம் வேண்டும். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் பிள்ளையையும் கவனித்துப் படிப்பது வீரம் போலத் தோன்றலாம், பாடம் தங்காது. பயிற்சி மருத்துவர்களைப் பற்றி 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 24 மணி நேரத்துக்கு மேல் நீளும் தொடர்வேலை அட்டவணையில் அவர்கள் செய்த கடுமையான தவறுகள், அத்தகைய நீண்ட வேலையை நீக்கிய அட்டவணையைவிட 36 விழுக்காடு அதிகம் என்று கண்டது. தூங்காத தாயின் விலையை நோயாளியும் கொடுக்க நேரிடும். படிக்கத் தொடங்கும் ஆண்டில் இரவு வேலையைக் குறைக்க வழி இல்லையென்றால், தொடங்கும் ஆண்டைத் தள்ளிப் போடுவதே மேல்.

தாதிமைக்குள்ளேயே உள்ள ஏணி

இப்போது அந்தக் குறுகிய வழிகள். டிப்ளோமா முடித்த தாதி, வேலையை விடாமலேயே பட்டம் படிக்கலாம். மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பணியில் உள்ள தாதியருக்கென்றே தாதிமை அறிவியல் பட்டப்படிப்பை நடத்துகிறது. தீவிர சிகிச்சை, சிறுநீரகம், பிரசவம் என்று சிறப்புப் பயிற்சிகள் உள்ளன. முதுகலை, முனைவர் பட்டம், விரிவுரையாளர் பணி என்று ஏணி நீளும். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் உயர்நிலைத் தாதியரை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அத்தகைய தாதியர் கிராமங்களைக் காப்பாற்றுகிறார்கள்.

பட்டம் பெற்ற தாதி வெறும் காகிதம் சேர்த்தவர் அல்ல. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கென் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 விழுக்காடு உயர்ந்தால், அந்த வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்தது. தாதியின் படிப்பு உயிரைக் காப்பதோடு சேர்ந்தே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டியதில்லை. 'நர்ஸ்தானே' என்று இழுத்துப் பேசும் நம் வாய்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் முடிவு

எஸ்பிஎம்மில் அறிவியல் பாடங்கள் இருக்கின்றன, வீட்டில் இன்னொரு வருமானம் இருக்கிறது, பயிற்சிக் காலத்தில் பிள்ளையைப் பார்ப்பவரின் பெயர் எழுதியாயிற்று, நோயின் காரணம் தேடும் தாகம் விடவில்லை. இந்த நான்கும் கூடினால் வயதைக் காட்டித் தடுக்காதீர்கள். அந்தத் தாய் மருத்துவரானால், நோயாளியின் படுக்கைப் பக்கத்தை அறிந்த மருத்துவர் நமக்குக் கிடைப்பார். இவற்றில் இரண்டு குறைந்தால், முதலில் தாதிமைப் பட்டத்தை முடியுங்கள். அதற்குள் குறைந்தவற்றை நிரப்ப முடிகிறதா என்று பாருங்கள். பட்டம் எந்த வழிக்கும் உதவும், சம்பளமும் நிற்காது.

அரசாங்கமும் ஒரு வேலை செய்ய வேண்டும். பட்டதாரிகளுக்கு நான்கே ஆண்டில் மருத்துவம் கற்பிக்கும் படிப்புகள் இங்கிலாந்தில் உண்டு. நம் நாட்டிலும் 2011இல் பெர்டானா பல்கலைக்கழகம் அத்தகைய படிப்பைத் தொடங்கியது. பத்து ஆண்டு வார்டில் நின்ற பட்டதாரித் தாதிக்கு, அறிவியல் அடிப்படைகளை மட்டும் நிரப்பி உள்ளே விடும் பாலம் ஒன்று அரசுப் பல்கலைக்கழகத்தில், கட்டக்கூடிய கட்டணத்தில் வேண்டும். தரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. தேர்வு அதே தேர்வாக இருக்கட்டும். மலாக்காவில் 1997 முதல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி இயங்கிவருகிறது. ஆனால் அலோர் காஜாவில் வேலை பார்க்கும் தாதிக்கு, அருகில் கல்லூரி இருப்பது மட்டும் வழி ஆகிவிடாது.

இந்த வாரம் ஒரு தாளை எடுங்கள். நான்கு தலைப்புகளை எழுதுங்கள். கணவரையும், பெரிய பிள்ளை இருந்தால் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள். வெற்றிடமாக நிற்கும் தலைப்பு எதுவோ, உங்கள் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.